வெள்ளிக்கிழமை ஜெபத்தில் உங்கள் முதல் செய்தி

"தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துல நீங்கதான் செய்தி. பத்து நிமிஷம் போதும்." இவ்வளவுதான் சொல்வார் உபதேசியார் (சபையைக் கவனிக்கும் ஊழியர்), உடனே போனை வைத்துவிடுவார். யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்கள் நழுவிவிடுவீர்கள் என்று அவருக்கு அனுபவம். தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் எங்களில் பலர் பேசத் தொடங்கியது இப்படித்தான். இறையியல் படிப்பு கிடையாது, கையில் இருப்பது ஒரு வேதாகமமும் ஒரு போனும். பெந்தெகொஸ்தே சபையிலோ, கத்தோலிக்கர்கள் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டத்திலோ உங்களைப் பேசச் சொன்னாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

நம் சபைப் பேச்சில் 'செய்தி' என்றால் இரண்டு பொருள். ஐயர், அதாவது போதகர், பீடத்தில் நின்று கொடுக்கும் பிரசங்கமும் செய்தி, காலையில் பேப்பரில் வருவதும் செய்தி. பாயில் வந்து உட்காருகிறவர்கள் இரண்டாவதை மனதில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். வெள்ளம், யுத்தம், தேர்தல், பக்கத்துத் தெருப் பையனுடைய விபத்து, சேகரக் கமிட்டிச் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகக் குழுவின்) சண்டை. இதையெல்லாம் தொடாமல் பேசினால் காற்றில் பேசியதாகிவிடும். தொட்டுப் பேசிக் காயப்படுத்தியவர்களும் நிறைய உண்டு. அதில் நானும் ஒருவன், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

1. முதலில் வேதபகுதி, பேப்பர் அப்புறம்

புதிதாகப் பேசுகிறவர்கள் பொதுவாகத் தலைகீழாகத் தொடங்குகிறோம். ஒரு பரபரப்பான செய்தியை எடுத்துக்கொண்டு, அதற்குத் தோதான வசனத்தை ஆப்பில் தேடுகிறோம். 'வெள்ளம்' என்று தட்டினால் வரிசையாக வசனம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதைத் தேடல் பெட்டி காட்டாது.

அதனால் அந்த வாரத்துக்கென்று திருமண்டல (பேராயத்தின்) நாட்காட்டியில் குறித்திருக்கும் பகுதியை எடுங்கள். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், சங்கீதம் என்று இருக்கும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். திங்கட்கிழமையே வாசித்துவிட்டால் வெள்ளிக்குள் செய்தி தானாக வந்து ஒட்டும், நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை.

முந்தின அதிகாரத்தை ஏன் சொல்கிறேன்? எரேமியா 29:11 எடுத்துக்கொள்ளுங்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில், ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்தால் இது யாராவது ஒருவர் கையில் கட்டாயம் வரும்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் இன்னதென்று நான் அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் விசா வந்துவிடும், டி.என்.பி.எஸ்.சி. தேறிவிடும் என்று அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறோம். 28ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியா அதை மறுத்து, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத ஜனங்களுக்குக் கடிதம் எழுதுகிறார். எழுபது வருஷம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்கிறார். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமல் அங்கேயே கண்மூடியிருப்பார்கள். அந்தக் கடிதத்துக்குள்தான் 11ஆம் வசனம் இருக்கிறது. அதற்கு நாலு வசனம் முன்னால் வருவதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்."

பிழைப்புக்காக வளைகுடாவில் வருஷக்கணக்கில் இருக்கிறவர்களுடைய வீடுகள் உங்கள் தெருவில் இல்லையா? அந்த அம்மாக்களிடம் பேச 11ஐவிட 7ஆம் வசனத்தில் நிறைய இருக்கிறது.

2. லூக்கா 13ஐப் படித்துவிட்டுத்தான் துக்கச் செய்தியைத் தொட வேண்டும்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இயேசுவிடமே சிலர் அன்றைய செய்தியைக் கொண்டுவந்த இடம் லூக்கா 13:1. பிலாத்து சில கலிலேயருடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்திருந்தான், "அந்தச் செய்தியை அவருக்கு அறிவித்தார்கள்" என்றே நம் வேதாகமத்தில் இருக்கிறது. அரசாங்கம் செய்த கொலை அது. அவர் தம் பங்குக்கு இன்னொரு செய்தியை எடுத்துப் போடுகிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தது. இது விபத்து. மனிதன் செய்ததும் தானாக நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டுவிட்டன. நம் பேப்பரின் முதல் பக்கமும் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மற்றவர்களைப் பார்க்கிலும் அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்ல" என்று இரண்டு தடவை சொல்கிறார். ஏன் நடந்தது என்று விளக்கவில்லை. அப்புறம் பேச்சை அப்படியே கேட்டவர்கள் பக்கம் திருப்புகிறார்: நீங்கள் மனந்திரும்புங்கள். அதோடு நிறுத்தாமல் காய்க்காத அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கேட்கிறான், கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான். பிரசங்கங்களில் 5ஆம் வசனத்தோடு முடித்துவிடுகிறோம், எருப்போடுகிறவனை விட்டுவிடுகிறோம்.

என் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டித்துப் போயின. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய் எண்ணூறு பேர் அளவுக்கு மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு வீட்டு ஜெபத்தில் நான் பேசினேன். நோவா கதையை எடுத்தேன். பூமியிலே பாவம் பெருகினது, தண்ணீரும் பெருகினது என்று கணீரென்று பேசியதாக நினைப்பு. முன்வரிசையில் சுவர் இடிந்து, நாலு ஆட்டையும் பறிகொடுத்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

எங்கள் பழைய ஐயரம்மா (போதகரின் மனைவி) ஒருவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க பேழைக்குள்ள நின்னுக்கிட்டுப் பேசினீங்க. அவ தண்ணிக்குள்ள நின்னு கேட்டா." நான் அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது.

2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்காக வேளாங்கண்ணி வந்திருந்தவர்களையும் அலை கொண்டுபோனது. கடலோரத்துப் பாவத்துக்குத் தண்டனை என்று அப்போது பேசியவர்கள், மாதா கோவிலுக்கு வந்து செத்தவர்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?

ஆகவே, துக்கச் செய்தியை எடுத்தால் இரண்டு சோதனை. பாதிக்கப்பட்டவர் முன்வரிசையில் இருந்தால் இதைச் சொல்வேனா? இல்லை என்றால் அவர் இல்லாதபோதும் சொல்லக்கூடாது. இரண்டாவது, இதை வைத்து நான் யாரை மனந்திரும்பச் சொல்கிறேன்? அந்த 'யார்' என்பதில் நான் இல்லையென்றால் லூக்கா 13ஐ மறுபடியும் வாசிக்க வேண்டியதுதான். பேச ஒன்றும் ஓடாவிட்டால் புலம்பல் சங்கீதம் ஒன்றை, உதாரணமாக 13ஐயோ 88ஐயோ நிதானமாக வாசித்துவிட்டு ஜெபம் பண்ணுங்கள். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

3. செய்தி உண்மைதானா?

யாத்திராகமம் 23:1 ஒரே வரியில் சொல்கிறது: "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக." சபை வாட்ஸ்அப் குழுக்களின் முகப்பில் இதை எழுதி வைக்கலாம்.

'ஒலிசபாங் மாகாணத்தில் நேற்றிரவு 20 சபைகளை எரித்துவிட்டார்கள், இன்று 200 சபைகளை எரிக்கப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள்' என்று ஒரு தகவல் பல வருஷமாகச் சுற்றுகிறது. இந்தியாவில் நடந்ததாம். அப்படி ஒரு இடமே இந்தியாவில் இல்லை. நம் நாட்டில் இருப்பது மாநிலம், மாகாணம் அல்ல என்பதுகூட எழுதினவருக்குத் தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறோம், ஆனால் நிஜமாகவே சபைகள் தாக்கப்படும் நாளில் நம் பேச்சை யார் நம்புவார்கள்? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிப்பதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பதையும் பார்த்தோம்.

வழி எளிது. தேதி இல்லாத, ஊர் பெயர் தெரியாத எதையும் எடுக்காதீர்கள். இரண்டு பேப்பரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'உடனே பத்துப் பேருக்கு அனுப்பு' என்று முடிவதைத் தொடவே வேண்டாம்.

செய்தி என்றால் இழவுச் செய்தி மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சமைத்துப் போட்டார்களே, அதுவும் பேப்பரில் வந்ததுதான். நல்ல சமாரியன் கதைக்கு அதைவிடப் பக்கத்தில் வேறென்ன உதாரணம் கிடைக்கும்?

4. பழைய தமிழைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள்

நாம் வாசிக்கிற மொழிபெயர்ப்பு பவர் ஐயர் குழு 1871இல் முடித்ததன் வழி வந்தது. அழகான தமிழ், ஆனால் சில சொற்கள் நம் கையில் வேறு பொருளுக்கு மாறிவிட்டன. ஒரு பென்சில் வைத்துக்கொண்டு சந்தேகமான சொல்லைச் சுழித்துவிட்டு, 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

யாத்திராகமம் 23:8, "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." எங்கள் வாலிபர் கூட்டத்தில் கேட்டபோது, பரிதானம் ஏதோ பலி வகை என்றான் ஒருவன். அது லஞ்சம். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவரில் வருகிறதே, அதுவும் அந்தக் கணக்கில்தான். சொல்லின் பொருளைச் சொன்னதுமே வீட்டில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று யாக்கோபு 2:3. மினுக்குள்ள வஸ்திரம் போட்டவனுக்கு "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". தரித்திரனுக்கு "நீ அங்கே நில்லு". கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே 'நீ'தான். 'ஐயா'வும் 'நீரும்' மொழிபெயர்த்தவர்கள் சேர்த்தது. நம் ஊர் பேசுகிற விதம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும்படியே நடுவில் சுவர் வைத்து வடக்கன்குளத்தில் ஒரு கோவில் கட்டியிருந்த மாவட்டம் இது. இன்று சுவர் இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது நாம் யாரை 'வாங்க' என்கிறோம், யாரை 'வா' என்கிறோம் என்பதை அந்த வசனத்தோடு சேர்த்துக் கேட்டால் போதும்.

5. கடைசி காலம் என்றால் கை நடுங்கட்டும்

2023 அக்டோபரில் காசா யுத்தம் தொடங்கியதிலிருந்து இஸ்ரவேலின்மேல் கோகு படையெடுப்பதைச் சொல்லும் எசேக்கியேல் 38ஐக் கையில் எடுக்காத கூட்டம் குறைவு. உலகத்தின் முடிவுக்குத் தேதி குறித்தவர்களின் வரலாறு நீளமானது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். அங்கேயே ரேடியோவில் பிரசங்கித்த ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். அந்த நாட்களும் வந்துபோயின. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" யாரும் அறியான் என்பது மத்தேயு 24:36. அதே அதிகாரம் 6இல், யுத்தங்களின் செய்திகளைக் கேட்கும்போது "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்... ஆனாலும், முடிவு உடனே வராது" என்றிருக்கிறது. நாம் இந்த வசனத்தைக் கொண்டே ஜனங்களைக் கலங்கப்பண்ணுகிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வேதத்தில் வரும் இஸ்ரவேலும் 1948இல் உருவான நாடும் ஒன்றுதானா என்பதில் சபைகளுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. அதைப் பத்து நிமிஷத்தில் தீர்க்கப் போகாதீர்கள். ஆனால் காசாவிலும் பெத்லகேமிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லலாம், நம்மில் பலருக்கு அது தெரியாது. 2023 அக்டோபர் 19 அன்று காசாவின் புனித பொர்பீரியு ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். அந்தக் கிறிஸ்மஸுக்கு பெத்லகேம் லுத்தரன் சபையில் குழந்தை இயேசுவை இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே கிடத்தியிருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் செத்தவர்களுக்காகவும், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்காகவும் ஜெபிக்க எந்தத் தீர்க்கதரிசன அட்டவணையும் வேண்டாம்.

6. நம் சபை விஷயம்

உலகச் செய்தியைவிட இது கஷ்டம். ட்ரம்பைப் பற்றிப் பேசினால் அவர் வந்து கேட்கப்போவதில்லை, பொருளாளரைப் பற்றிப் பேசினால் அவருடைய மைத்துனர் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அப்போஸ்தலர் 6 இதற்கு நல்ல இடம். ஆதிச்சபையிலும் பங்கீட்டுச் சண்டை வந்தது. கிரேக்கு பேசுகிறவர்கள், "தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லையென்று" முறுமுறுத்தார்கள். (விசாரணை என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வந்தால் நாலாவது படிக்குப் போங்கள். இங்கே அது சாப்பாட்டுப் பங்கீடு, கவனித்துப் பராமரிப்பது.) சபை என்ன செய்தது? முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வெள்ள நிவாரண அரிசிக்குப் பட்டியல் எழுதும் வாரத்தில் இந்தப் பகுதியை வாசியுங்கள். பட்டியலை எழுதுகிறவர் யார், அதில் எந்தத் தெரு விடுபட்டது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு பெயரையும் சொல்ல வேண்டியதில்லை.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின வாரம் என்றால் 1 கொரிந்தியர் 11:21. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் இங்கே குடிவெறி. வசதியுள்ளவர்கள் முந்தி வந்து சாப்பிட்டு முடிக்க, வேலை முடிந்து பிந்தி வந்தவர்களுக்கு ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டும். நம் அசனத்திலும் கடைசிப் பந்திக்குக் கறி இருக்கிறதா, அந்தப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று பார்க்கலாம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரங்களுக்குப் போகும் மகிழ்ச்சியோடு, வயல் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19:9-10ஐயும் வாசிக்கலாம்.

எல்லை ஒன்று இருக்கிறது. ஜெபக்குறிப்பாக ஒருவர் உங்கள் காதில் சொன்னது செய்தியில் உதாரணமாக வரவே கூடாது, பெயரை மாற்றினாலும் கூடாது. நம் ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவர்மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் மத்தேயு 18:15 தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது. மைக் அதற்கு உரிய இடமில்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப்போட வேண்டும் என்பதும் அங்கே வேண்டாம். பரிதானம் வாங்காதே என்பதோடு நிறுத்தினால் யாரும் உங்களைக் கட்சிக்காரன் என்று சொல்ல முடியாது.

7. எழுதி, நேரம் பார்த்து, பேசி

ஒரு தாளுக்குமேல் எழுதாதீர்கள். ஒரு வேதபகுதி, ஒரு செய்தி, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியம். மூன்று செய்தியை இழுத்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும். முதல் மூன்று நிமிஷம் அந்தப் பகுதி எந்த ஊரில், யாருக்கு நடந்தது என்று கதையாகச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நிமிஷம் நம் ஊர். அப்புறம் செய்யவேண்டிய காரியம், அது சின்னதாக இருக்கட்டும். 'அன்பாயிருப்போம்' என்பது காரியம் ஆகாது. 'செங்கல் சூளையில் இருக்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்குக் கூப்பிடுவோமா, சனிக்கிழமை யார் என்னோடு வருகிறீர்கள்?' இது காரியம். லேவியராகமம் 19:34இன் அந்நியன் அந்தச் சூளையில்தான் இருக்கிறான்.

வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் யாராவது ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். என் மனைவி 'இது யாரைக் குத்துறதுக்கு?' என்று கேட்ட பத்தியை நான் அடித்துவிடுவது வழக்கம். அந்த நோவா செய்தியை அவளிடம் வாசித்துக் காட்டவில்லை.

முடிக்கும்போது ஜெபத்தில் மறுபடி பிரசங்கம் பண்ணாதீர்கள். செய்தியில் வந்த மனிதர்களையும், அதிகாரத்தில் இருக்கிறவர்களையும் (1 தீமோத்தேயு 2:1-2, பிடித்த கட்சி என்றாலும் பிடிக்காத கட்சி என்றாலும்) பெயர் சொல்லி ஜெபித்துவிட்டு ஆமென் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் டீயும் வடையும் வரும். அப்போதுதான் ஒரு அண்ணாச்சி பக்கத்தில் வந்து, "எல்லாம் சரி தம்பி, அந்த பதினெட்டுப் பேரும் ஏன் சாகணும்? அதைச் சொல்லவே இல்லையே?" என்பார். எனக்கும் தெரியவில்லை அண்ணாச்சி என்று சொல்லுங்கள். அவர் வீட்டில் அப்படி யாராவது இறந்திருக்கலாம், டீ ஆறினாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.